வீட்டுக் கணிப்பொறி திடீரென்று மெதுவாகிவிட்டதா?

மைசூர் விஜயநகரில் முதல் ஸ்டேஜிலிருந்து நான்காவது ஸ்டேஜ் வரை பரவி வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு கணிப்பொறி இருக்கிறது. பிள்ளைகள் ஹெப்பால் பக்கமோ பெங்களூருக்கோ வேலைக்குப் போகும்போது புதிய லேப்டாப் வாங்கிக்கொள்கிறார்கள். பழையது அப்பா அம்மாவின் மேஜைக்கு வந்துவிடுகிறது. மின்கட்டணம் கட்டவும், ரயில் டிக்கெட் பதிவு செய்யவும், அயல்நாட்டுப் பேரக்குழந்தைகளின் முகம் பார்த்துப் பேசவும் அது போதுமானது. சில ஆண்டுகள் உழைத்த பின், ஒருநாள் அது காரணம் சொல்லாமல் முரண்டு பிடிக்கத் தொடங்குகிறது. பொத்தானை அழுத்திவிட்டுக் காப்பி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

அப்போது நாம் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். ‘வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்’ என்று பொறுத்துக்கொள்கிறோம். அல்லது ‘புதிதாக வாங்கிவிடலாம்’ என்று கடைக்குப் போகிறோம். இரண்டுமே அவசர முடிவுகள். கணிப்பொறி மெதுவாவது காய்ச்சலைப் போன்றது. காய்ச்சல் ஒரு நோயன்று, நோயின் அறிகுறி. சாதாரண ஜலதோஷத்துக்கும் காய்ச்சல் வரும், பெரிய நோய்க்கும் வரும். மெதுவாகும் கணிப்பொறிகளில் பலவற்றைப் பணச் செலவின்றி வீட்டிலேயே சரி செய்யலாம். ஆனால் சிலவற்றில் அந்த மந்தம், உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் தன் கடைசி நாட்களில் இருக்கிறது என்பதற்கான எச்சரிக்கை. அதைக் கவனிக்காமல் விட்டால் பல வருடப் புகைப்படங்களும் கல்யாண வீடியோவும் ஒரே நாளில் போய்விடும். எனவே எந்த வரிசையில் சோதிப்பது என்பது முக்கியம். அந்த வரிசையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். வீட்டுக் கணிப்பொறிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் வகையைச் சேர்ந்தவை என்பதால் அதையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எப்போதிலிருந்து?

வைத்தியர் கேட்கும் முதல் கேள்வியே இங்கும் முதல் கேள்வி. படிப்படியாக மெதுவானதா, அல்லது நேற்று நன்றாக இருந்து இன்று மெதுவானதா?

படிப்படியாக என்றால் காரணம் பெரும்பாலும் பழமை. கணிப்பொறி தேய்ந்துபோனது என்று இதற்குப் பொருள் இல்லை. அதில் ஓடும் சாப்ட்வேர் பெருத்துவிட்டது என்றே பொருள். 1995-இல் வந்த விண்டோஸ் 95-க்கு 4 மெகாபைட் மெமரி குறைந்தபட்சத் தேவையாக இருந்தது. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி 64 மெகாபைட் கேட்டது. 2021-இல் வந்த விண்டோஸ் 11-க்கு 4 கிகாபைட் வேண்டும். 26 ஆண்டுகளில் ஆயிரம் மடங்குக்கு மேல்! ஸ்விட்சர்லாந்தின் கணிப்பொறி அறிஞர் நிக்லாஸ் விர்த் 1995-லேயே இதைக் கவலையோடு எழுதினார். இயந்திரங்கள் வேகம் பெறுவதைக் காட்டிலும் விரைவாகச் சாப்ட்வேர் கனத்துக்கொண்டே போகிறது என்பது அவர் வாதம். அதற்கு ‘விர்த் விதி’ என்றே பெயர் வந்துவிட்டது.

திடீரென்று என்றால், அண்மையில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. புதிய புரோகிராம் ஏதும் போட்டீர்களா? பேரன் விடுமுறைக்கு வந்து விளையாட்டு ஏதாவது இறக்கி வைத்தானா? சார்ஜரை மாற்றினீர்களா? மழைக்கால மின்வெட்டில் கணிப்பொறி பட்டென்று அணைந்ததா? ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழுது பார்ப்பவரிடம் போக நேர்ந்தாலும் இந்தத் தாள் அவருக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

முதலில் பத்திரப்படுத்துங்கள்

எதையும் சரி செய்யத் தொடங்கும் முன், இழக்க முடியாதவற்றை வேறோர் இடத்தில் நகல் எடுங்கள். வீடு ஒழுகினால் ஓட்டை மாற்றும் முன் பத்திரங்களையும் நகைகளையும் எடுத்து வைப்பதில்லையா? அதுபோலத்தான்.

வெளியிலிருந்து செருகும் ஒரு ஹார்ட் டிஸ்க் அல்லது பெரிய பென் டிரைவ் போதும். புகைப்படங்கள், வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேன் நகல்கள், வருமான வரிக் கணக்குகள், நீங்கள் எழுதிய கட்டுரைகள் இவற்றை இந்த வரிசையில் நகல் எடுங்கள். புரோகிராம்களை நகல் எடுக்க வேண்டியதில்லை. அவை மீண்டும் கிடைக்கும். ஆனால் தாத்தாவின் சதாபிஷேகப் படங்கள் மீண்டும் கிடைக்கா.

இத்துறையினர் சொல்லும் ஓர் எளிய விதி உண்டு. முக்கியமானவற்றுக்கு மூன்று நகல்கள் வேண்டும். அவை இரண்டு வகைப் பொருள்களில் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். மகன் வீட்டில் ஒரு டிஸ்க் இருந்தாலும் சரி, இணையத்தில் இருந்தாலும் சரி.

நகல் எடுக்கும்போது ‘டிக், டிக்’ என்றோ கரகரவென்றோ உள்ளிருந்து சத்தம் வந்தால் உடனே நிறுத்தி, கணிப்பொறியை அணைத்துவிடுங்கள். மேலும் மேலும் முயன்றால் உள்ளே சுழலும் தட்டு கீறப்பட்டு, மீட்கக்கூடியதும் மீட்க முடியாமல் போகும். அந்நிலையில் தகவல் மீட்பில் அனுபவமுள்ளவரிடமே கொண்டு போக வேண்டும்.

மந்தம் கணிப்பொறிக்கா, இணையத்துக்கா?

நகல் எடுத்தாயிற்றா? இனி சோதனைக்கு வருவோம். ‘கம்ப்யூட்டர் ஸ்லோ’ என்று நாம் சொல்வதில் சரி பாதி இடங்களிலாவது இணைய இணைப்பின் குறையும் கலந்திருக்கக் கூடும். இரண்டையும் பிரித்தறிய ஒரு நிமிடம் போதும்.

இணையம் தேவைப்படாத நோட்பேட், கால்குலேட்டர் போன்ற ஒன்றைத் திறந்து பாருங்கள். அது உடனே திறந்து, இணையப் பக்கங்கள் மட்டும் தாமதமானால் குறை இணைப்பில் இருக்கிறது. அதே வைஃபையில் கைபேசியைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். கைபேசியிலும் தாமதம் என்றால் ரவுட்டர் பெட்டியை அரை நிமிடம் அணைத்துவிட்டு மீண்டும் போடுங்கள். இரண்டு சுவர்களுக்கு அப்பால் ரவுட்டர் இருந்தால், கணிப்பொறியை ஒருமுறை அதன் அருகில் கொண்டு போய்ப் பாருங்கள்.

பழைய கணிப்பொறிகளில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. உள்ளே நாணயம் போல ஒரு சிறிய பேட்டரி இருக்கிறது. மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓடவைப்பது அதுதான். அது தீர்ந்துவிட்டால் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். தேதி தவறாக இருந்தால் வங்கி முதலான பாதுகாப்பான பக்கங்கள் திறக்க மறுக்கும். திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். தவறாக இருந்தால் அந்தப் பேட்டரியை மாற்றினால் போதும். அதிகம் செலவில்லை.

அணைத்துப் போடுவதிலும் ஒரு நுணுக்கம்

‘நான்தான் தினமும் இரவில் அணைக்கிறேனே’ என்று பலர் சொல்வார்கள். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், ‘ஷட் டவுன்’ கொடுத்தால் கணிப்பொறி முழுவதுமாக அணைவதில்லை. மறுநாள் சீக்கிரம் எழுவதற்காகத் தன் அடிப்படை நிலையை டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டு தூங்குகிறது. இதற்கு ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று பெயர். ஆகவே நேற்றைய சிக்கல் இன்றைக்கும் தொடரும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் துடைத்துப் புதிதாகத் தொடங்கும். ஷட் டவுனை விட ரீஸ்டார்ட் முழுமையானது என்பது கேட்க விந்தையாக இருந்தாலும் உண்மை. முதல் மருந்தாக இதைக் கொடுங்கள்.

அடுத்தது பொறுமை. மைக்ரோசாப்ட் நிறுவனம் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமையன்று பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுவது வழக்கம். அமெரிக்காவில் காலை என்றால் நமக்கு இரவு. எனவே புதன்கிழமை காலையில் நாம் கணிப்பொறியைப் போடும்போது அது பின்னணியில் அவற்றை இறக்கிக்கொண்டிருக்கும். ஓரிரு மணி நேரம் அதைத் தன் போக்கில் விட்டுவிட்டு, கேட்டால் ரீஸ்டார்ட் செய்யுங்கள். பாதியில் மெயின் சுவிட்சை அணைக்காதீர்கள்.

நாடி பார்ப்போம்

இவ்வளவு செய்தும் மந்தம் நீங்கவில்லையென்றால் நாடி பார்க்க வேண்டும். அதற்கு விண்டோஸிலேயே ‘டாஸ்க் மேனேஜர்’ என்ற கருவி இருக்கிறது. கீபோர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருசேர அழுத்தினால் அது திறக்கும். சிறிய கட்டமாக வந்தால் கீழே உள்ள ‘மோர் டீடெயில்ஸ்’ என்பதை அழுத்துங்கள். சி.பி.யூ., மெமரி, டிஸ்க், நெட்வொர்க் என்று நான்கு பத்திகள் தெரியும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சதவீதம் இருக்கும். ஒரு பத்தியின் தலைப்பை அழுத்தினால் அதிகம் உண்பவர் பெயர் மேலே வந்து நிற்கும்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். சி.பி.யூ. என்பது சமைப்பவர். மெமரி என்பது அவர் முன் இருக்கும் மேடை. டிஸ்க் என்பது பின்கட்டில் உள்ள சாமான் அறை. காய் நறுக்கி மேடைமேல் இருந்தால் சமையல் சீக்கிரம் முடியும். மேடை சிறியது என்றால் ஒவ்வொன்றுக்கும் சாமான் அறைக்கு ஓட வேண்டும். இந்த ஓட்டம் எவ்வளவு தூரம் தெரியுமா? மெமரியிலிருந்து ஒரு செய்தியை எடுக்க ஏறத்தாழ ஒரு விநாடியின் கோடியில் ஒரு பங்கு ஆகும். சுழலும் ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுக்க விநாடியின் நூறில் ஒரு பங்கு ஆகும். ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம்! மேடையிலிருந்து எடுக்க ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால், சாமான் அறைக்குப் போய் வர ஒரு நாளைக்கு மேல் ஆகும் என்று பொருள். மெமரி நிரம்பிய கணிப்பொறி ஏன் செத்த பாம்பாகக் கிடக்கிறது என்பது இப்போது விளங்கும்.

மெமரி 80, 90 சதவீதத்திலேயே நின்றால், மேடை போதவில்லை. இணையம் பார்க்கும் பிரவுசரில் இருபது பக்கங்களைத் திறந்து வைத்திருந்தால் முதலில் அவற்றை மூடுங்கள். தேவையற்ற ‘எக்ஸ்டென்ஷன்’களை நீக்குங்கள். 4 ஜி.பி. மெமரி உள்ள கணிப்பொறியில் இன்றைய வேலைகள் நெருக்கடியாகத்தான் இருக்கும். 8 ஜி.பி. ஆக உயர்த்தினால் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். ஆனால் சில மெல்லிய லேப்டாப்களில் மெமரியைப் பற்றவைத்தே விடுகிறார்கள். மாற்ற முடியுமா என்று கேட்டுக்கொண்டு பிறகு வாங்குங்கள்.

அதே டாஸ்க் மேனேஜரில் ‘ஸ்டார்ட்அப்’ என்ற பகுதி இருக்கிறது. கணிப்பொறி எழும்போதே தாமும் எழுந்து உட்காரும் புரோகிராம்களின் பட்டியல் அது. அழையா விருந்தாளிகள் பலர் அங்கே இருப்பார்கள். தேவையற்றதன் மேல் வலது பொத்தானை அழுத்தி ‘டிஸேபிள்’ கொடுத்தால் அடுத்த முறை தானாக வராது. புரோகிராம் அழிந்துவிடாது, வேண்டும்போது நாமே திறந்துகொள்ளலாம். ஆன்டிவைரஸ், ஒலி, டச்பேட், தமிழ்த் தட்டச்சு ஆகியவற்றைச் சேர்ந்தவற்றை மட்டும் விட்டுவிடுங்கள். பெயர் புரியாததைத் தொடாதிருப்பது நல்லது.

டிஸ்க் சொல்லும் கதை

டிஸ்க் பத்தி 100 சதவீதத்தில் நிற்கிறதா? அப்படியானால் அது எவ்வளவு வேலை செய்கிறது என்பதையும் பாருங்கள். விநாடிக்குப் பல மெகாபைட் படித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் 100 சதவீதம் என்றால், உண்மையிலேயே வேலை நடக்கிறது. அப்டேட், ஆன்டிவைரஸ் சோதனை, புகைப்படங்களை இணையத்தில் ஏற்றும் புரோகிராம் என ஏதோ ஒன்று ஓடுகிறது. முடிந்ததும் இறங்கிவிடும். விநாடிக்கு ஒரு மெகாபைட் கூட நகராமல், புரோகிராம் எதுவும் ஓடாதபோதும் 100 சதவீதம் என்றால் சந்தேகப்பட வேண்டும். கெட்டுப்போன ஓர் இடத்தைப் படிக்க முடியாமல் டிஸ்க் மீண்டும் மீண்டும் முயன்றுகொண்டிருக்கலாம்.

ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் குறிப்புக்கு ‘ஸ்மார்ட்’ என்று பெயர். அதைப் படித்துச் சொல்ல ‘கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ போன்ற இலவச சாப்ட்வேர்கள் உள்ளன. ‘குட்’ என்று நீல நிறத்தில் வந்தால் பெரும்பாலும் நலம். ‘காஷன்’ என்று மஞ்சளிலோ ‘பேட்’ என்று சிவப்பிலோ வந்தால், டிஸ்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது. நகல் எடுக்கும் முன் ‘செக் டிஸ்க்’, ‘டிஃப்ராக்’ போன்றவற்றை ஓட்டாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்கை ஓட்டப்பந்தயத்தில் விடுவது போன்றது அது. ‘குட்’ என்று வந்துவிட்டதே என நகல் எடுக்காமலும் இருக்காதீர்கள். முன்னறிவிப்பு எதுவுமின்றி நின்றுபோகும் டிஸ்க்குகளும் உண்டு.

நலமான டிஸ்கும் நிரம்பி வழிந்தால் மெதுவாகும். மொத்த இடத்தில் ஆறில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘ஸ்டோரேஜ்’ என்று போனால் எது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று தெரியும். தற்காலிகக் கோப்புகளை அங்கேயே நீக்கலாம். ‘டவுன்லோட்ஸ்’ பகுதியை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு நீக்குங்கள். முக்கியமான ரசீதுகளும் அங்கேதான் கிடக்கும்.

பழைய கணிப்பொறிக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால், சுழலும் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுங்கள். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டோ நகரும் முள்ளோ இல்லை. சிதறிக் கிடக்கும் சிறு செய்திகளை ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு நூறு முறை அளவில் எடுக்கும் என்றால் எஸ்.எஸ்.டி. பல்லாயிரம் முறை எடுக்கும். ஆனால் எஸ்.எஸ்.டி.க்கு டிஃப்ராக் செய்யும் பழைய பழக்கம் வேண்டாம். அதற்கு வேண்டிய பராமரிப்பை விண்டோஸே செய்துகொள்ளும்.

சூடு, தூசி, சார்ஜர்

மைசூரின் தட்பவெப்பம் இதமானதுதான். என்றாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் மத்தியான வேளைகளில் லேப்டாப்பின் அடிப்பாகம் தோசைக்கல் போலச் சுடுவதைக் கண்டிருப்பீர்கள். கட்டுமான வேலை நடக்கும் தெருக்களில் தூசிக்கும் குறைவில்லை. காற்றாடியிலும் அதன் அருகே உள்ள உலோகத் தகடுகளிலும் தூசி கம்பளம் போலப் படிந்துவிடும். சூடு எல்லை மீறினால் சி.பி.யூ. எரிந்துபோகாமலிருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் வேகமாகவும் அரைமணி நேரம் கழித்து மெதுவாகவும் ஓடினால், காற்றாடியின் இரைச்சலும் கூடியிருந்தால், காரணம் இதுதான்.

லேப்டாப்பை மெத்தைமேலோ தலையணைமேலோ வைக்காதீர்கள். காற்றுப் போகும் துளைகள் அடைபடும். மேஜைக் கணிப்பொறியாக இருந்தால் மின்சாரத்தைத் துண்டித்து, பக்கத் தகட்டைத் திறந்து, மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டலாம். காற்றடிக்கும் கருவியைப் பயன்படுத்தினால் காற்றாடி சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பைத் திறப்பதைப் பழகியவரிடம் விட்டுவிடுவது மேல்.

சார்ஜர் விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. அசல் சார்ஜர் பழுதாகி, கிடைத்த ஒன்றை வாங்கிச் செருகியிருந்தால், சில லேப்டாப்கள் அதை அடையாளம் கண்டுகொள்ள முடியாமல் வேகத்தைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடும். சார்ஜரை மாற்றிய நாளிலிருந்து மந்தம் என்றால் வேறு காரணம் தேட வேண்டாம். அதே வாட் அளவுள்ள, அந்த மாடலுக்கு உரிய சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். பேட்டரி சேமிப்பு முறையில் இருந்தாலும் வேகம் குறையும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைரஸும் கள்ளத்தனமும்

நீங்கள் ஒன்றும் செய்யாதபோதே சி.பி.யூ. 90, 100 சதவீதத்தில் நின்றால், உங்கள் கணிப்பொறியை வேறொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். கிரிப்டோ நாணயம் ‘தோண்டும்’ கள்ளப் புரோகிராம்கள் உண்டு. நம் மின்சாரம், நம் இயந்திரம், ஆனால் லாபம் யாருக்கோ. 2018 பிப்ரவரியில், கண்பார்வை குறைந்தோருக்குப் பக்கங்களைப் படித்துக் காட்டும் ஒரு துணைக்கருவியில் இத்தகைய நிரலைப் புகுத்திவிட்டார்கள். அதைப் பயன்படுத்திய 4,000-க்கும் மேற்பட்ட இணையதளங்கள் பாதிக்கப்பட்டன. பிரிட்டிஷ் அரசுத் தளங்களும் அவற்றுள் இருந்தன. தளத்தைப் பார்க்க வந்தவர்களின் கணிப்பொறிகள் அவர்கள் அறியாமலே உழைத்தன. எனவே ‘நான் கெட்ட இடங்களுக்குப் போவதில்லை’ என்பது மட்டும் காப்பாகாது.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்ற காவல் கூடவே வருகிறது. அதில் ‘ஃபுல் ஸ்கேன்’ ஒருமுறை ஓட்டுங்கள். சந்தேகம் தீராவிட்டால் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ ஓட்டுங்கள். ஒரே கணிப்பொறியில் இரண்டு ஆன்டிவைரஸ்கள் வேண்டாம். ஒன்றையொன்று சந்தேகித்து இரண்டுமாகச் சேர்ந்து கணிப்பொறியை மந்தமாக்கும். நம் மத்திய அரசு 2017 பிப்ரவரியில் ‘சைபர் ஸ்வச்சதா கேந்திரா’ என்ற மையத்தைத் தொடங்கி, வைரஸ் நீக்கும் கருவிகளை இலவசமாக வழங்க ஏற்பாடு செய்தது.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. கணிப்பொறி மெதுவாக இருக்கும் வேளையில், ‘உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்’ என்று திரை முழுவதும் சிவப்பாக ஓர் அறிவிப்பு வரலாம். சில சமயம் தொலைபேசியிலேயே கூப்பிடுவார்கள். மரியாதையாகப் பேசுவார்கள். ஒரு புரோகிராமை இறக்கச் சொல்லி, உங்கள் திரையைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொள்வார்கள். அதன் பின் வங்கிக் கணக்குத் துடைக்கப்படும். எந்தப் பெரிய நிறுவனமும் தானாக முன்வந்து ‘உங்கள் கம்ப்யூட்டரைச் சரி செய்கிறேன்’ என்று கூப்பிடாது. அறிவிப்பு மூட மறுத்தால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிரவுசரை முடித்துவிடுங்கள். தவறிப் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. வங்கிக்கும் தெரிவியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்தும் வாய்ப்பு அதிகம். பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் இந்த எண்ணைத் தொலைபேசியின் அருகில் எழுதி ஒட்டி வையுங்கள்.

தமிழன்பர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு

எல்லாம் பார்த்தும் சரியாகாவிட்டால், ‘ஃபார்மட் செய்து விண்டோஸை மறுபடி போட்டுவிடலாம்’ என்பார்கள். நல்ல வழிதான். ஆனால் தமிழில் எழுதுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1990-களிலும் அதன் பின் சில ஆண்டுகளிலும் நாம் தட்டச்சு செய்தவை யூனிகோடில் இல்லை. ஒவ்வொரு சாப்ட்வேரும் ஒவ்வொரு எழுத்துருவும் தனித்தனி வழியில் எழுத்துகளை வைத்துக்கொண்டன. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் ‘தமிழ்நெட் 99’ மாநாடு கூடி, டாம், டாப் என்ற குறியீடுகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் முன்வைத்தது. விண்டோஸ் 2000 முதல்தான் விண்டோஸில் யூனிகோடு தமிழ் இடம்பெற்றது.

ஆகவே பழைய சங்க மலர்கள், குடும்ப வரலாறு, கவிதைகள் ஆகியவை பழைய எழுத்துருவில் இருக்குமானால், கோப்பை மட்டும் நகல் எடுத்துப் பயனில்லை. எழுத்துரு போய்விட்டால் திரையில் பொருளற்ற ஆங்கிலக் குறிகளே தெரியும். ‘சி’ டிரைவில் விண்டோஸ் என்பதனுள் ‘ஃபான்ட்ஸ்’ என்ற பகுதியில் உள்ள தமிழ் எழுத்துருக்களையும், பழைய தட்டச்சுப் புரோகிராமையும் சேர்த்தே நகல் எடுங்கள். கூடவே முக்கியமானவற்றை பி.டி.எஃப். ஆகவும் சேமித்துவிடுங்கள். நேரம் கிடைக்கும்போது மாற்றிகளின் உதவியால் யூனிகோடுக்குக் கொண்டுவரலாம். இது சங்கங்களின் பொறுப்பாளர்கள் ஒத்திப்போடாமல் செய்ய வேண்டிய வேலை. ஒருவர் வீட்டுக் கணிப்பொறி நின்றுபோனதால் ஒரு சங்கத்தின் பல ஆண்டு எழுத்து மறைந்துபோகக் கூடாது.

கடைக்குக் கொண்டு போகும்போது

‘கம்ப்யூட்டர் தும்பா ஸ்லோ ஆகிதெ’ என்று கன்னடத்தில் சொன்னால் கடைக்காரருக்குப் புரியும். ஆனால் ‘மெமரி 90 சதவீதத்தில் நிற்கிறது’, ‘டிஸ்க் காஷன் காட்டுகிறது’ என்று சொன்னால் தேவையற்ற பாகங்களை மாற்றும் செலவு மிச்சமாகும். ரசீது வாங்குங்கள். எந்தப் பாகம் மாற்றப்படுகிறது என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்கைக் கட்டாயம் திரும்பக் கேளுங்கள். அதில் உங்கள் ஆதார் நகலும் வங்கி விவரமும் இருக்கின்றன. தகவல்களை முறையாக அழித்த பின், குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிப்போரிடம் கொடுங்கள். இதற்கென மத்திய அரசின் மின்கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்குப் பெரும்பாலும் இன்டெல்லின் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பின் வந்ததோ வேண்டும். அதற்குத் தகுதியில்லாத பழைய கணிப்பொறியை உடனே தூக்கிப் போட வேண்டியதில்லை. ‘லினக்ஸ் மின்ட்’ போன்ற இலவச முறைமைகள் பழைய இயந்திரத்திலும் சுறுசுறுப்பாக ஓடும். இணையம் பார்க்கவும், கடிதம் எழுதவும், தமிழில் தட்டச்சு செய்யவும் அவை போதும். ஆனால் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்காத கணிப்பொறியில் வங்கி வேலைகளை மட்டும் செய்யாதீர்கள்.

சுருக்கமாக

1. எப்போதிலிருந்து என்று குறித்துக்கொள்ளுங்கள்.
2. இழக்க முடியாதவற்றை நகல் எடுங்கள்.
3. குறை கணிப்பொறியிலா இணையத்திலா என்று பிரித்தறியுங்கள்.
4. ஷட் டவுன் அல்ல, ரீஸ்டார்ட் கொடுங்கள்.
5. டாஸ்க் மேனேஜரில் எந்தப் பத்தி நிரம்பி நிற்கிறது என்று பாருங்கள்.
6. மெமரி என்றால் திறந்தவற்றை மூடுங்கள், டிஸ்க் என்றால் உடல்நிலையைச் சோதியுங்கள், சி.பி.யூ. என்றால் சூட்டையும் வைரஸையும் பாருங்கள்.
7. முன்பின் தெரியாதவருக்குத் திரையைத் திறந்துவிடாதீர்கள்.

இந்த ஏழில் இரண்டாவதை மட்டும், கணிப்பொறி நன்றாக ஓடும்போதே செய்துவிடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அதற்குப் போதும். வேகம் குறைந்தால் மீட்டுக்கொள்ளலாம். நகல் இல்லாத படங்கள் போனால் போனவைதான்.